வலி போச்சு, நோய் போகலை

ராத்திரி நல்லாத்தான் படுத்தீங்க. விடியறதுக்கு முன்னாடி கால் பெருவிரலில் நெருப்பு வைத்த மாதிரி வலி. விரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகுது. அடியும் படலை, சுளுக்கும் இல்லை. இது கவுட் ஆக இருக்கலாம். கீல்வாதம் என்றும் சொல்வார்கள். ஆனால் மற்ற மூட்டு நோய்களையும் அப்படியே சொல்வதால், கவுட் என்றே வைத்துக்கொள்வோம்.

நம் இரத்தத்தில் உள்ள யூரிக் அமிலத்தைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. அது சரியாக வெளியேறாமல் 100 மில்லி இரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், ஊசி ஊசியான படிகங்களாக மூட்டுக்குள் படியலாம். பெருவிரல் உடம்பிலேயே குளிர்ந்த பகுதிகளில் ஒன்று என்பதால் அங்கே எளிதில் படியும். அந்தப் படிகங்களை உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் தாக்கும்போதுதான் இந்த வீக்கம், வலி எல்லாம்.

ஒன்றிரண்டு வாரத்தில் வலி தானாகவே அடங்கிவிடும். சிக்கலே அங்கேதான். எண்ணெய் தேய்த்தேன், சரியாப் போச்சு என்று விட்டுவிடுகிறோம். படிகம் மூட்டிலேயே இருக்கும். அடுத்து கணுக்கால், முழங்கால், கைவிரல். வருடக்கணக்கில் விட்டால் விரலிலும் முழங்கையிலும் காது மடலிலும் கட்டிகள் வரும். எலும்பு அரிக்கும், மூட்டு கோணிப்போகும்.

ஒவ்வொரு முறையும் மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீங்க. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் அது இன்னும் கெடும்.

உங்க போனை எடுங்க. வீக்கம் இருக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்க. டாக்டரைப் பார்க்கும் நாளில் வீக்கம் வடிந்திருக்கலாம். தினமும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுங்க. இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில நீர் மாத்திரைகள் யூரிக் அமிலத்தைக் கூட்டும். அதற்காக நீங்களாக நிறுத்தக் கூடாது.

வலி உள்ள நேரத்தில் யூரிக் அமிலப் பரிசோதனை நார்மல் என்று வரலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்க.

பீர், ஈரல், மத்தி, நெத்திலி, இனிப்புக் குளிர்பானம் குறையுங்க. பருப்பு, கீரைக்குப் பயப்பட வேண்டாம். பத்தியம் மட்டும் பலருக்குப் போதாது. டாக்டர் மாத்திரை தந்தால், யூரிக் அமிலம் 6க்குக் கீழே வந்த பிறகும் தொடர வேண்டியிருக்கும்.

மூட்டு வீக்கத்தோடு காய்ச்சலும் இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்க. சந்தேகம் கேட்க 104.