செவ்வாயில் வழிவது நீரா, மணலா?



2015 செப்டம்பர் கடைசியில் நாசா ஒரு படத்தை வெளியிட்டது. செவ்வாய்க் கோளில் ஹேல் என்ற பெரும்பள்ளம். அதன் சரிவில் மேலிருந்து கீழே இறங்கும் கருங்கோடுகள், ஒவ்வொன்றும் சுமார் 100 மீட்டர். கோடுகளுக்கு மேலே பளிச்சென்று நீலம்! பார்த்ததும் கண் அங்கேதான் போகும். தண்ணீர்தான் என்று மனசும் தீர்ப்பு எழுதிவிடும்.

ஆனால் அந்த நீலம் பைராக்சீன் என்ற கனிமத்தால் வந்தது. கோடுகளுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை என்று படத்தோடு வந்த குறிப்பே சொன்னது. குறிப்பை யார் படிக்கிறார்கள்?

படம் எடுத்தது ஹைரைஸ் கேமரா. செவ்வாயைச் சுற்றிவரும் விண்கலத்திலிருந்து, தரையில் கிடக்கும் ஒரு மேசையைக்கூட அது காட்டிவிடும். நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பையும் அது பதிவு செய்கிறது. பாறைகளின் வகை பிரிந்து தெரிய, அதற்கு ஒரு நிறத்தைப் பூசுகிறார்கள். போதாததற்கு அந்தப் படத்தில் மேடுபள்ளங்களை ஒன்றரை மடங்கு உயர்த்தியும் காட்டியிருந்தார்கள். பொய் இல்லை, ஆனால் நேரில் நின்று பார்க்கும் காட்சியும் இல்லை.

நிறத்தை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? ஒரே இடத்தைப் பல பருவங்களில் எடுத்த படங்களை. நேபாளத்தில் பிறந்த லுஜேந்திர ஓஜா, அரிசோனா பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராக இருந்தபோது செய்த வேலை அதுதான். வெயில் காலத்தில் கோடுகள் நீள்கின்றன, குளிர் வந்தால் மங்குகின்றன, மறு ஆண்டு மீண்டும் வருகின்றன. 2011-இல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. உப்புநீர் கசிகிறதோ என்ற சந்தேகம் நியாயமானதே. 2015-இல், அந்தச் சரிவுகளில் நீரேறிய உப்புகள் தென்பட்டதாக இன்னொரு கட்டுரை வந்தது.

இங்கேதான் சிக்கல். கோட்டின் அகலம் அதிகம் போனால் 5 மீட்டர். உப்பைத் தேடிய கருவிக்கோ ஒரு புள்ளி என்பதே ஏறத்தாழ 18 மீட்டர். கோடும் அக்கம்பக்கத்து மண்ணும் ஒரே புள்ளிக்குள் கலந்துவிடும். அந்தக் கருவியின் தரவைச் சுத்தப்படுத்தும் முறையே சில இடங்களில் போலி உப்பு அடையாளத்தை உண்டாக்கக்கூடும் என்று 2018-இல் வேறொரு குழு காட்டியது.

அதற்கு முந்தைய ஆண்டே ஆய்வாளர் காலின் டண்டாஸ் குழுவினர் கோடு எங்கே முடிகிறது என்று அளந்தார்கள். 10 இடங்களில் 151 கோடுகள். ஏறக்குறைய எல்லாமே 27 பாகைக்கு மேற்பட்ட சரிவில்தான் இருந்தன. சரிவு தணிந்ததும் நின்றுவிட்டன. தண்ணீராக இருந்தால் இன்னும் தணிந்த சரிவிலும் ஓடியிருக்கும். வீடு கட்டும் இடத்தில் லாரி கொட்டிய மணற்குவியலில் மணல் சரிந்து நிற்பதும் இப்படி ஒரு கோணத்தில்தான். 2018-இல் செவ்வாயையே மூடிய புழுதிப் புயலுக்குப் பிறகு கோடுகள் பெருகியதும் மணல் கட்சிக்கே வலுச் சேர்த்தது. பருவம் தவறாமல் அவை வருவது ஏன் என்பதற்கு மட்டும் முழு விளக்கம் இன்னும் இல்லை.

அதற்காகச் செவ்வாயில் தண்ணீரே ஓடியதில்லை என்று சொல்லிவிட முடியாது. கேல் என்ற இன்னொரு பள்ளத்தில் விசிறி போல் விரிந்த வண்டல் ஒன்று விண்ணிலிருந்தே தெரிந்தது. 2012-இல் கியூரியாசிட்டி ஊர்தி அருகே இறங்கிப் பார்த்தபோது, பாறைக்குள் உருண்டு தேய்ந்த கூழாங்கற்கள் பதிந்திருந்தன. காற்று தூக்கிப்போக முடியாத அளவு பெரியவை. பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கணுக்கால் முதல் இடுப்பு வரை ஆழத்தில் ஓடை ஓடியிருக்கும் என்று கற்களின் அளவைக் கொண்டே கணித்தார்கள்.