சிங்க் ஓட்டை ஒருவழிப் பாதை இல்லை

சாப்பிட்டுக்கிட்டே கேக்குறவங்க பாஸ் பண்ணிட்டு அப்புறமா வாங்க. இன்னைக்கு டிரெயின் பத்திப் பேசப்போறோம். ரயில் இல்லைங்க, கழிவுநீர்க் குழாய்.

உங்க பாத்ரூம் சுவர்ல சாம்பல் நிறத்துல, உடம்பெல்லாம் முடியோட, ஒரு குட்டிப் பூச்சி அசையாம ஒட்டிக்கிட்டு இருக்குமே, ஞாபகம் வருதா? அதோட புழு வளர்றது குழாய்க்குள்ள படிஞ்சிருக்கிற வழவழப்புல. அந்தக் குடும்பத்துப் பூச்சிகள் ஆஸ்பத்திரியிலும் உண்டு. ஜெர்மனி மருத்துவமனைகளில் பிடித்த இந்தப் பூச்சிகள் நோய்க்கிருமிகளைச் சுமந்துக்கிட்டு இருந்ததை 2013-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அப்புறம் இங்கிலாந்துல, ஆஸ்டன் பல்கலைக்கழகக் குழு ஏழு மருத்துவமனைகளில் கிட்டத்தட்ட 20,000 பறக்கும் பூச்சிகளைச் சேகரிச்சாங்க. ஈ, எறும்பு எல்லாம் சேர்த்துத்தான். 2019-ல் முடிவு வந்தது. அவற்றில் கிடைத்த பாக்டீரியா வகைகளில் 53% ஏதாவது ஒரு ஆன்டிபயாடிக் வகைக்காவது அடங்கலை.

சரி, குழாய்க்குள்ள அப்படி என்னதான் நடக்குது?

சிங்க்குக்கு அடியில் ஒரு வளைஞ்ச பைப் இருக்கும், பி-டிராப்னு சொல்வாங்க. அதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி தேங்கி நிக்கும், சாக்கடை நாத்தம் மேல வராம தடுக்க. அருமையான டிசைன். ஆனா ஆஸ்பத்திரியில அந்தத் தேங்கின தண்ணிக்குள்ள வார்டோட கிருமியும், மிச்சம் மீதி மருந்தும் வந்து சேருது. கிருமிகள் சுவர்ல பிசின் மாதிரி ஒரு படலம் கட்டி அதுக்குள்ள குடியிருக்கும். அங்க ஒரு பாக்டீரியா தன்கிட்ட இருக்கிற எதிர்ப்பு மரபணுவை வேற இனத்து பாக்டீரியாவுக்கே கொடுத்துடும். நாம ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுல இருந்து கோடை அள்ளிட்டு வர்றோமே, அதே கதைதான். என்ன, அதுங்க கோடு முதல் தடவையே ஓடிடும்.

2017-ல் வெளியான வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வுதான் என்னை அசத்தினது. ஆபத்தில்லாத ஈ.கோலையைப் பச்சையா ஒளிர்ற மாதிரி மாத்தி, லேப் சிங்க்குகளோட பி-டிராப்புக்குள்ள விட்டாங்க. சத்துள்ள திரவம் ஊத்தினதும், அது பைப் சுவரைப் பிடிச்சு ஒரு நாளைக்கு சுமார் 2.5 சென்டிமீட்டர் மேல ஏறுச்சு. ஒரு வாரத்துல சிங்க் சல்லடைக்கே வந்துடுச்சு. அதுக்கப்புறம் குழாயைத் திறந்தா, தண்ணி பட்டுச் சுத்தி இருக்கிற கவுன்டர் வரைக்கும் தெறிக்குது.

அந்த ஆய்வுல பூச்சி இல்லை. ஆனா என் மண்டைக்குள்ள ரெண்டும் சேர்ந்துடுச்சு. பாக்டீரியா ஒரு வாரம் படியேறி வர்ற தூரத்தை, முடி நிறைஞ்ச உடம்போட ஒரு பூச்சி சில நொடியில் கடந்துடும். லிஃப்ட் மாதிரி. இது என் ஊகம்னு வெச்சுக்கங்க. பூச்சிமேல கிருமி இருக்குங்கிறதுக்கு ஆதாரம் வலுவா இருக்கு. அந்தப் பூச்சியாலதான் இந்த நோயாளிக்குத் தொற்று வந்ததுன்னு காட்டுறது அவ்வளவு சுலபம் இல்லை. சிங்க் விஷயம் அப்படி இல்லை, அதுல இருந்து தொற்று பரவினதுக்குப் பல ஊர் ஆஸ்பத்திரிகள்ல பதிவு இருக்கு.

அதனால ஸ்பிரே அடிச்சுட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். அது அலாரத்தை மியூட் பண்ற வேலை. வளர்ந்த பூச்சி சாகும், புழு படலத்துக்குள்ள பத்திரமா இருக்கும். நெதர்லாந்துல நைமேகன் ஊர்ப் பல்கலைக்கழக மருத்துவமனை வேற மாதிரி யோசிச்சது. 2014-ல் ஐசியூ நோயாளி அறைகளில் இருந்த சிங்க்கையே கழட்டிட்டாங்க. உடம்பு துடைக்க ஈரத்துணி, கைக்கு சானிட்டைசர், குடிக்க பாட்டில் தண்ணி. நோயாளிகள்கிட்ட இந்த வகைக் கிருமிகள் குறைஞ்சது. ரொம்ப நாள் ஐசியூவுல இருந்தவங்ககிட்ட இன்னும் நல்லாவே குறைஞ்சது.

எல்லா ஆஸ்பத்திரியும் சிங்க்கைக் கழட்ட முடியாது, நமக்கே தெரியும். ஆனா வீட்ல யாரையாவது அட்மிட் பண்ணி நீங்க கூட இருந்தா, மிச்ச டீ, ஜூஸ், கஞ்சி, இளநீர் எதையும் கை கழுவுற சிங்க்கில ஊத்தாதீங்க. அந்தப் பச்சை பாக்டீரியா ஏறினது சாப்பாடு கிடைச்சதுக்கு அப்புறம்தான். எங்க ஊத்துறதுன்னு நர்ஸ் அக்காகிட்ட கேளுங்க. சிங்க் பக்கத்துல பூச்சி பார்த்தாலும் அவங்ககிட்டயே சொல்லிடுங்க, டிரெயினைச் சுத்தம் பண்ணச் சொல்லி.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். இப்ப போய் சாப்பிடலாம், கை கழுவிட்டு.