உழைத்தவரை வழியனுப்பும் முறை





பொன்விழா என்றால் நிறுவனர்களையும் நன்கொடையாளர்களையும் கௌரவிப்பது வழக்கம். இவ்வாண்டு, நம் உறுப்பினர்களின் கடைகளில் உழைத்து ஓய்வு பெற்றவர்களையும் மேடையேற்ற நிர்வாகக் குழு முடிவு செய்தது. இளம் வணிகர்கள் சார்பில் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அரசாங்க அலுவலகங்களில் ஓய்வு பெறுபவருக்கு 'ஜசாமு டிகெனாங்' என்று விழா எடுக்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த நம் மக்களில் பலருக்குப் பணிப் பதிவும் ஓய்வூதியமும் இருந்தன. நம் கடைகளில் நிலைமை வேறு. மஸ்ஜித் இந்தியா துணிக்கடையானாலும் கிள்ளான் சாப்பாட்டுக் கடையானாலும், பல இடங்களில் பணி ஓய்வு என்று ஒரு நாளே கிடையாது. முதலில் முழங்கால் வலி வரும். பிறகு கண் மங்கும். ஒரு நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போவார். திரும்பி வர மாட்டார். முப்பது வருட உழைப்பு அப்படியே முடிந்துவிடும்.

நம் மார்க்கம் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அனஸ் (ரலி) அவர்கள் பத்து ஆண்டுகள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். ஒரு முறைகூட 'சீ' என்ற சொல்லைக் கேட்டதில்லை என்று அவர்களே அறிவித்தார்கள். முதுமையில் கையேந்தி நின்ற ஒரு யூதரைக் கண்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அவருக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவி வழங்கச் செய்தார்கள் என்று அபூ யூசுஃப் எழுதியிருக்கிறார். இளமையில் ஒருவரிடம் பலன் பெற்றுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்பதே அதன் பாடம்.

ஆகவே, பொன்னாடைக்கு முன்னால் கணக்கு நேராக இருக்க வேண்டும். ஊழியர் சேமநிதி 1951 முதல் இருக்கிறது. ஐயாயிரம் வெள்ளி வரையிலான மாதச் சம்பளத்துக்கு முதலாளி 13 விழுக்காடும் ஊழியர் 11 விழுக்காடும் செலுத்த வேண்டும். 2025 அக்டோபர் முதல், ஊரிலிருந்து பெர்மிட்டில் வந்தவருக்கும் இரு தரப்பும் 2 விழுக்காடு செலுத்த வேண்டும். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலை முதல் 60. இவையெல்லாம் நாம் காட்டும் தயவு அல்ல; அவருடைய ஹக்கு. ஹக்கைக் கொடுத்த பிறகு செய்வதுதான் மரியாதை.

அந்த மரியாதையைக் கூர்ந்து கவனிப்பவர், கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும் இருபது வயதுப் பையன். மூத்தவரை எப்படி அனுப்புகிறோம் என்பதில் தன் எதிர்காலத்தை அவன் பார்க்கிறான். "நாளைக்கு நமக்கும் இதுதானே" என்று தோன்றிவிட்டால், எத்தனை வெள்ளி போனஸ் கொடுத்தாலும் மனம் வைத்து வேலை செய்ய மாட்டான். இங்கே உண்மையாக உழைத்தால் மறக்க மாட்டார்கள் என்று தெரிந்தால், முதலாளி இல்லாத நேரத்திலும் எடை சரியாக நிற்கும்.

பாலிடெக்னிக்கில் எனக்குக் கணக்குப் பதிவு சொல்லிக் கொடுத்தார்கள். கடன் கேட்டு வருபவரிடம் முகம் சுளிக்காமல் பேசுவதைச் சொல்லிக் கொடுத்தவர் கடையின் மூத்த ஊழியர். அந்தப் படிப்புக்குச் சான்றிதழ் கிடையாது, அவரோடு போய்விடும்.

எனவே உறுப்பினர்களிடம் மூன்று வேண்டுகோள். ஓய்வு நாளை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். விழாவில் "நல்ல மனிதர்" என்று பொதுவாகச் சொல்லாமல், அவர் செய்த வேலையைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். அதை அவர் பேரப்பிள்ளைகள் கேட்கட்டும். ஓய்வுக்குப் பின்னும் கந்தூரி, கல்யாணம், இஃப்தார் அழைப்புகளில் அவர் பெயர் விடுபடாமல் பாருங்கள்.

இன்று மேடைக்கு வரும் பெரியவர்களே, எங்கள் கடைப் பலகைகளில் உங்கள் பெயர் இல்லை. ஆனாலும் அந்தக் கடைகள் நின்றது உங்கள் கால்களில்தான். அல்லாஹ் உங்களுக்கு ஆஃபியத்தையும் நீண்ட ஆயுளையும் தருவானாக. நம் முன்னோடிகளில் மறைந்துவிட்ட ஊழியர்களின் கப்றுகளை ஒளியாக்குவானாக. ஆமீன்.