தம் கையால் பூட்டிய தேர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் முழங்குவதே நம் வழக்கம். இயந்திரத்தைப் பற்றிப் பேச விழைந்த என்னையும் பொறுத்து, இடமும் நேரமும் அளித்த செயற்குழுவினர்க்கு என் நன்றி உரியது. இங்கிலாந்தில் எளிய ஊதியம் பெறுவோர் பலர், ஓட்டப்பந்தயக் காரைத் தம் வீட்டுக் கொட்டகையில் தாமே பூட்டுகின்றனர். அதே காரில் சாலையில் உலா வருகின்றனர். விடுமுறை நாளில் அதே காரைக் களத்திற்குக் கொண்டு சென்று, கடிகாரத்தோடு போட்டியிட்டு ஓட்டுகின்றனர். இந்தப் பழக்கமே நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள். அயல்நாட்டார் விளையாட்டு நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதில் நம் பிள்ளைகளுக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று கைத்தொழிலைப் பற்றியது. மற்றொன்று, வேகத்தை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதைப் பற்றியது.

தேர் செய்யும் தொழில் தமிழர்க்குப் புதிதன்று. அதியமானின் ஆற்றலை உணர்த்த வந்த ஔவையார், நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன் ஒரு திங்கள் முழுதும் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தை உவமையாகக் காட்டுவதைப் புறநானூற்றில் காண்கிறோம். நாளுக்கு எட்டு என்பது தொழிற்சாலையின் கணக்கு. திங்களுக்கு ஒன்று என்பது கலைஞனின் கணக்கு. நான் சொல்லப் போகும் வரலாறு இரண்டாவது கணக்கைச் சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் இங்கிலாந்தில் புதுக் கார் கிடைப்பது அரிது. ஆயின், 1922 முதல் 1939 வரை செய்யப்பட்ட ஆஸ்டின் செவன் என்னும் சிறிய கார்கள் பழையனவாய் மலிந்து கிடந்தன. அவற்றைப் பிரித்து ஓட்டப்பந்தய வண்டிகளாக மாற்றும் ஆர்வலர்கள் 1939-இலேயே 750 மோட்டார் கிளப் என்னும் கழகத்தைத் தோற்றுவித்திருந்தனர். 1948-இல் காலின் சாப்மன் என்னும் இளைஞர், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் பயின்றுகொண்டிருந்தபோதே, தம் வருங்கால மனைவியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னிருந்த கொட்டகையில் ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்துப் புது வண்டி ஒன்றைக் கட்டினார். 1952-இல் லோட்டஸ் என்னும் தொழிலகத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் உலகப் பெரும்பந்தயங்களில் வாகை சூடிய லோட்டஸின் வேர் அந்தக் கொட்டகையில்தான் இருந்தது.

சாப்மனின் கொள்கை எளியது. எஞ்சினின் வலிமையைப் பெருக்கப் பணம் வேண்டும். வண்டியின் எடையைக் குறைக்க அறிவு இருந்தால் போதும். பாலத்தைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் முக்கோணங்களாக அமைந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். நாற்கோணச் சட்டம் மூலையில் அழுத்தினால் சாயும், முக்கோணம் சாயாது. மெல்லிய எஃகுக் குழாய்களை இவ்வாறு முக்கோணங்களாகப் பற்றவைத்து, மேலே அலுமினியத் தகடு போர்த்தி, 1957-இல் லோட்டஸ் செவன் என்னும் காரை அவர் வெளியிட்டார். கதவு இல்லை, கூரை என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. இருவர் அமரலாம். எடை ஏறத்தாழ 500 கிலோ. இன்று நம் தெருவில் ஓடும் நடுத்தரக் காரின் எடையில் அது பாதிகூட இல்லை. தொடக்கத்தில் அதில் வைத்தது 1,172 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள சாதாரண ஃபோர்டு எஞ்சின்தான். எடை குறைந்தமையால், அந்தச் சிறிய எஞ்சினே வண்டியை விரைந்து எழச் செய்தது. பிரேக் பிடித்தால் விரைந்து நின்றது. வளைவில் திருப்பினால் கையின் குறிப்பறிந்து திரும்பியது.

இனி, அதனை மக்கள் தாமே பூட்டியது ஏன் என்பதைச் சொல்கிறேன். அக்காலத்தில் முழுமையாகச் செய்த கார் வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும். உறுப்புகளாக வாங்கி, வாங்கியவனே பூட்டிக்கொண்டால் அவ்வரி இல்லை. பூட்டும் முறையை விளக்கும் ஏடு தந்தால் அது முழுக் காராகக் கருதப்படும் என்று விதி இருந்ததாகவும், ஆகவே ‘கழற்றும் முறை’ என்று ஓர் ஏட்டைத் தந்து, அதைக் கடைசியிலிருந்து படித்துக்கொள்ளச் செய்ததாகவும் ஒரு வேடிக்கைக் கதையை அந்நாட்டார் இன்றும் சொல்லி மகிழ்வர். 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்தபோது அந்தச் சலுகை ஒழிந்தது. அதே ஆண்டில் செவன் காரைச் செய்யும் உரிமை லோட்டஸிடமிருந்து கேட்டர்ஹாம் நிறுவனத்தின் கைக்கு மாறியது. இங்கே நீங்கள் கருத வேண்டியது ஒன்று உண்டு. வரிச் சலுகை போயிற்று; பழக்கமோ போகவில்லை! ஆதாயம் கருதித் தொடங்கியதை அன்பு கருதித் தொடர்ந்தனர். இன்றும் செவன் காரைப் பெட்டிகளில் உறுப்புகளாக வாங்கி, மாலைப் பொழுதுகளிலும் வார இறுதிகளிலும் பூட்டுவோர் உளர்.

இது செல்வர் விளையாட்டு என்று சிலர் எண்ணக்கூடும். 1996-இல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுன் அளவுக்கும் ஓட்டப்பந்தயக் கார் கட்டலாம் என்று ஒரு நூல் எழுதினார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றை வாங்கி, அதன் எஞ்சின், கியர்ப்பெட்டி, பின் அச்சு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, சட்டத்தைத் தானே பற்றவைத்துக் கட்டும் முறையை அது கற்பித்தது. அதைக் கண்டு பல நாடுகளிலும் ஆர்வலர் கட்டத் தொடங்கினர். ‘லோகாஸ்ட்’ என்று அவ்வண்டிகளுக்குப் பெயர். 750 மோட்டார் கிளப் அவற்றுக்கெனத் தனிப் பந்தயமே நடத்திற்று.

தானே கட்டிய வண்டியைச் சாலையில் விட்டால் பிறர்க்குத் தீங்கு நேராதா? நேரும், ஆகவே அரசு வாளா இருக்கவில்லை. 1998 முதல் ஒரு தேர்வு முறையும், 2009 முதல் அதனினும் கடுமையான மற்றொன்றும் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தன. அரசின் தேர்வாளர் வண்டியை அங்குலம் அங்குலமாக ஆராய்வார். பிரேக் ஒவ்வொரு சக்கரத்திலும் எவ்வளவு பிடிக்கிறது, இருக்கைப் பட்டை எங்கே பூட்டப்பட்டிருக்கிறது, புகை எவ்வளவு, ஒலி எவ்வளவு, வேகமானி உண்மை சொல்கிறதா என்று பார்ப்பார். நடந்து செல்பவரின் உடலில் படக்கூடிய விளிம்பு கூர்மையாக இருந்தாலும் வண்டி தேறாது. தேறாதவர் வீடு சென்று, குறையைத் திருத்தி, மீண்டும் வருவார். தன் கையால் செய்த பொருளைப் பிறர் உயிரின் பொருட்டு இன்னொருவர் சோதிக்கக் கொடுப்பதும் ஒரு கல்வியே.

அடுத்து, களத்திற்கு வருவோம். ‘ஸ்பிரின்ட்’ என்னும் விரைவோட்டத்தில் கார்கள் ஒன்றோடொன்று முட்டி மோதி ஓடுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு கார், ஒரு தடம், ஒரு கடிகாரம். அவ்வளவே. மலைச்சரிவில் மேல்நோக்கி ஓடினால் ‘ஹில்கிளைம்ப்’ என்பர்.

காலையில் சோதனையாளர் பிரேக், ஸ்டியரிங், சக்கரத் திருகுகள், தலைக்கவசம், தீப்பற்றாத உடை ஆகியவற்றைப் பார்வையிடுவார். ஓட்டுநர்கள் தடத்தைக் காலால் நடந்து அளப்பர். எந்த வளைவில் நிலம் சாய்ந்திருக்கிறது, எங்கே மண் சிதறிக் கிடக்கிறது என்பதைக் கால் அறிந்தாலன்றிக் கை அறியாது. பின் பயிற்சி ஓட்டங்கள். பின் போட்டி ஓட்டங்கள். விளக்கு பச்சையாகும். உடனே பாய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கார் நகர்ந்து ஒளிக்கற்றையை மறைத்த பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கும். நொடியை நூறாகப் பகுத்து நேரம் கணிப்பர். முதல் 64 அடியைக் கடந்த நேரத்தையும் தனியே குறிப்பர். புறப்பாடு நன்றா அன்றா என்பது அதில் விளங்கும். நாள் முழுதும் காத்திருந்து ஒருவர் ஓட்டுவது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களுக்காகவே குளிர்கால மாலைகளெல்லாம் கொட்டகையில் கழிந்தன!

ஓட்டுநர் வெல்ல முயல்வது அயலானையன்று. சென்ற முறை தாம் ஓட்டிய நேரத்தை. சாலையில் ஓடும் கார்களுக்குத் தனி வகுப்பு உண்டு. ஆகவே வீட்டிலிருந்து ஓட்டி வந்த காரிலேயே போட்டியிட்டு, அதிலேயே வீடு திரும்பலாம். பக்கத்தில் நிற்பவர் போட்டியாளர் என்றாலும், ஒருவர் திருகு தொலைந்தால் மற்றவர் தம் பெட்டியைத் திறந்து கொடுப்பார்.

தாய்மார்களுக்கும் ஒரு செய்தி. 1905-இல் பிரைட்டன் கடற்கரைச் சாலையில் நடந்த வேகப் போட்டியில் டோரதி லெவிட் என்னும் பெண்மணி 80 குதிரைத்திறன் கொண்ட நேப்பியர் காரை ஓட்டிச் சாதனை படைத்தார். கடிகாரத்திற்கு ஆண் பெண் வேறுபாடு தெரியாது.

அதே 1905-இல் தொடங்கிய ஷெல்ஸ்லி வால்ஷ் மலையேற்றம் இன்றளவும் அதே மலையில் நடைபெறுகிறது. தடத்தின் நீளம் 1,000 கெஜம். முதல் ஆண்டு வென்றவர்க்கு 77.6 வினாடி ஆயிற்று. இந்நாளில் மிக விரைந்த வண்டிகள் 23 வினாடிக்கும் குறைவாக ஏறிவிடுகின்றன. அது தனியார் நிலத்தில் உள்ள தடம் என்பதே அதன் நீண்ட வாழ்வுக்குக் காரணம். அக்காலத்தில் வேறு பல மலையேற்றங்கள் பொதுச் சாலையில் நடந்தன. 1925-இல் காப் ஹில் என்னுமிடத்தில் கார் ஒன்று தடம் விலகி, வேடிக்கை பார்த்தவர் காயமுற்றார். அதன் பின் பொதுச் சாலையில் வேகப் போட்டிக்கு அனுமதி தருவதையே நிறுத்திவிட்டனர். விளையாட்டு அழியவில்லை, இடம் மாறியது. போர் முடிந்ததும், வெறுமையாய்க் கிடந்த விமானத்தளங்கள் அதற்குப் புகலிடம் ஆயின. குட்வுட்டும் சில்வர்ஸ்டனும் அவ்வாறு 1948-இல் பந்தயக் களங்கள் ஆனவையே.

நம் நாட்டிலும் இதே கதையைக் காணலாம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் அமைந்தது. கோவையைச் சேர்ந்த கரிவரதன், அன்றாடம் ஓடும் மாருதிக் காரின் உறுப்புகளைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைக் கட்டினார். அவ்வண்டிகளில் பழகிப் பலர் வளர்ந்தனர். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவைத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்பர்களே! இனி நான் சொல்வது விளையாட்டன்று. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பது மைய அரசின் கணக்கு. அச்சாவுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் மிகுவேகம் என்றே அக்கணக்கு குறிக்கிறது. வேகம் இரு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். இதை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கின்றனர். இரவில் நகரச் சாலையில் பந்தயம் விடும்போது மறந்துவிடுகின்றனர். சாலையில் பந்தயம் விடுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு தண்டிக்கிறது. அது வேண்டும். ஆனால் தண்டனை ஒன்றே போதுமா? இளமையின் வேட்கைக்கு ஒரு களம் காட்டாமல், கூடாது என்று மட்டும் சொன்னால், அது இருட்டைத் தேடிப் போகும்.

களத்தில் ஓட்டிப் பழகியவர் சாலையில் அடக்கமாக ஓட்டுவார் என்று நான் உறுதி கூற மாட்டேன். அது அவரவர் மனத்தைப் பொறுத்தது. ஆயினும், வழுக்கும் டயர் எப்படி இருக்கும், நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை ஆளில்லாத இடத்தில் அறிந்தவருக்கு ஆளுள்ள இடத்தில் அச்சம் பிறக்கக் காரணம் உண்டு. தரையோடு தாழ்ந்த செவன் காரில், லாரியின் சக்கரத்துக்கு நேராக முகம் வைத்துச் செல்பவர், தம்மைப் பிறர் காணமாட்டார் என்று கருதியே ஓட்ட வேண்டும். நம் சாலைகளில் நடந்து செல்பவரின் நிலையும் அதுவே அன்றோ?

வீட்டில் கார் கட்டிச் சாலையில் விடுவது நம் நாட்டில் எளிதன்று. தனி ஒருவர் கட்டிய ஒற்றை வண்டியைத் தேர்வு செய்து ஏற்கும் எளிய முறை இங்கு இல்லை. வண்டியை அதன் மூல அமைப்பிலிருந்து மாற்றுவதையும் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. இத்தனை நெரிசலில் அத்தடை தவறென்று சொல்ல நான் துணியேன். ஆனால் வழி முற்றும் அடைபடவில்லை. பொறியியற் கல்லூரி மாணவர்கள் தாமே கட்டிய வண்டிகளைக் கொண்டு வந்து, மூடிய தடத்தில், கடிகாரத்தோடு ஓட்டும் போட்டிகள் கோவையிலும் பிற இடங்களிலும் நடைபெற்று வருகின்றன. அங்கே முதல் தேர்வு வேகம் அன்று. சோதனையாளரிடம் வண்டி தேறுவதே.

திருவாரூர்த் தெருவில் மனுநீதிச் சோழனின் மகன் ஓட்டிய தேர்க்காலில் ஒரு கன்று மடிந்த கதையை நம் குழந்தைகள் அனைவரும் அறிவர். அரசன் தன் மகனுக்கே தண்டனை விதித்தான் என்று போற்றுகிறோம். தேர் ஓட்ட வேண்டிய இடம் எது, தெரு யாருக்கு உரியது என்பதையும் அக்கதை சொல்கிறது என்றே நான் கருதுகிறேன். தெரு கன்றுக்கும் உரியது.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ பழைய எஞ்சினைக் கழற்றிக் கையைக் கறையாக்கிக் கொண்டால் கடிந்துகொள்ளாதீர்கள். இளைஞர்களே! வேகத்தை விரும்புங்கள், தவறில்லை. அதைத் தெருவில் திருடாமல், களத்தில் உழைத்துப் பெறுங்கள். தானே திருகிய ஒவ்வொரு திருகுக்கும் தன் உயிரைப் பிணையாக வைப்பவர், பிறர் உயிரையும் எளிதாக எண்ணார்.