நரம்பறுந்த இருதயம்



1967 ஆம் ஆண்டு டிசம்பர் 3 ஆந் திகதி, தென்னாபிரிக்காவின் கேப் ரவுண் நகரில், கிறிஸ்ரியன் பேர்னாட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், இறந்த பெண்ணொருத்தியின் இருதயத்தை நோயாளி ஒருவருக்குப் பொருத்தினார். மனித இருதயம் இன்னொரு மனிதருக்கு மாற்றப்பட்டது அதுவே முதன்முறை.

இவ்வாறு மாற்றும்போது இருதயத்தின் நரம்புகள் யாவும் அறுபடுகின்றன. ஆயினும் அது துடிக்கின்றது. துடிப்பைத் தொடக்கும் கணு அதனுள்ளேயே உண்டு. ஆனால் அதன் இரசாயனம் மாறிவிடுகின்றது. அடக்கியாளும் வேகசு நரம்பு இன்மையால், ஓய்விலும் நிமிடத்துக்கு 90 முதல் 110 தடவை வரை துடிக்கின்றது. பரிவு நரம்பு நுனிகள் அழிய, அவை சேமித்து வைத்த நோரதிரனலினும் தசையிலிருந்து அற்றுப்போகின்றது. அப்பொருளை மருந்தாகச் செலுத்தினாலோ, இருதயம் முன்னிலும் மிகுதியாக எழுச்சி கொள்ளும். அதனை மீள உறிஞ்சும் நரம்பு நுனி இல்லாதபடியால், அது வாங்கிகளிலே நெடுநேரம் செயற்படுகின்றது.

இத்தகையவர் படியேறினால் இருதயம் உடனே விரைவதில்லை. குருதிவழியே அதிரனலின் வந்து சேரவேண்டும். இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. முடியுரு நாடி அடைபட்டாலும் நெஞ்சுவலி தோன்றாமற் போகலாம். ஆண்டுகள் செல்லச் சிலருக்கு நரம்புகள் ஓரளவு மீள முளைப்பினும், அதனை நம்பியிருத்தல் தகாது. வலியின்மை நலமாகாது, வலிக்குக் காத்திராது, ஒழுங்காகப் பரிசோதனை செய்வித்தலே உயிர்காக்கும் வழியாகும்.