முதல் மூன்று வாரம்



மருத்துவரான டி.எஸ். சௌந்தரம் அம்மையார் 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கி, தாய்சேய் நலத்துக்காகக் கஸ்தூரிபா மருத்துவமனையை வளர்த்த மண் இது. 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. பச்சிளங்குழந்தையின் மூளையில் நீர்க்கட்டி என்று ஐயம் எழுந்தாலே மதுரைக்குச் சீட்டு எழுதும் பழக்கத்தை நாம் இனி விடலாம். அறுவைக்கு அனுப்பத்தான் வேண்டும். கண்டறியும் முதல் படி இங்கேயே நடக்கட்டும்.

என்ன கண்டோம் என்பதைப் போலவே, எந்த நாளில் கண்டோம் என்பதும் முக்கியம். இதைத்தான் இன்று வற்புறுத்த வந்தேன்.

உச்சிக்குழி மூடாதவரை அதன் வழியே அல்ட்ராசவுண்டு வைத்து மூளையைப் பார்க்கலாம். கதிர்வீச்சு இல்லை, மயக்கமருந்து இல்லை, வார்மரில் கிடக்கும் பிள்ளையை நகர்த்தவும் வேண்டாம். மூன்றாம் நாள் படத்திலேயே கட்டி தெரிந்தால் அது கருவிலேயே உண்டானது. ரத்த ஓட்டம் குறைந்து குறைமாதக் குழந்தையின் மூளை வெண்பொருள் கெட்டால், அந்த இடம் கட்டியாகத் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரப் படம் இல்லாமல் இரண்டாம் மாதத்தில் கட்டியைக் காண்பவர் எதைக் கொண்டு பிரித்தறிவார்?

இன்னொரு கெடுவும் உண்டு. மூளையின் பக்க அறைச் சுவரை ஒட்டிய சிறு கட்டிகள் பெரும்பாலும் தாமே மறையும். சில பிள்ளைகளில் மட்டும் அவை சைட்டோமெகலோவைரஸ் கருவிலேயே தொற்றியதன் தடயம். சிறுநீரையோ உமிழ்நீரையோ பிறந்த 21 நாளுக்குள் பி.சி.ஆர். சோதனைக்கு எடுத்தால்தான் பிறவித் தொற்று என்று உறுதி சொல்லலாம். பிந்தினால், தாய்ப்பால் வழியே வந்த தொற்றாகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளையின் செவித்திறன் பிறகு மெல்லக் குறையக்கூடும் என்பதால் இந்தத் தாமதம் என்னை வருத்துகிறது.

நம் பக்கத்தில் ஐந்தாம் மாத ஸ்கேன் புகுந்த வீட்டு ஊரில், பிரசவம் தாய்வீட்டு ஊரில். நத்தத்தில் பிறந்த பிள்ளை மூன்றாம் மாதம் வேடசந்தூருக்குப் போகும்போது காகிதங்கள் கூடவே போவதில்லை. கருவில் கோராய்டு பிளெக்ஸஸ் கட்டி தெரிந்தது என்று கேள்விப்பட்ட தாய், வேறு குறை எதுவும் இல்லாதபோது அது பிரசவத்துக்கு முன்பே மறைந்துவிடக்கூடியது என்று யாரும் சொல்லாததால் மாதக்கணக்கில் அழுகிறாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வது நம் கடமை.

கதிரியக்க மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடுக்கோட்டில் கரும் வட்டம் தெரிந்தால், டாப்ளர் வைக்காமல் கட்டி என்று எழுதாதீர்கள். அது வீங்கிய கேலன் சிரையாக இருக்கலாம். அந்தப் பிள்ளையின் உயிருக்கு முதல் ஆபத்து இதயச் செயலிழப்பு.

32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், கருவில் ஐயம் எழுந்த குழந்தைக்கும் முதல் வாரத்தில் ஒரு ஸ்கேன், நான்காம் வாரத்தில் மறு ஸ்கேன். தேதியும் தலைச்சுற்றளவும் தாயின் கையில் இருக்கும் அட்டையில் ஏறட்டும். இதற்கு ஆளும் கருவியும் எப்படி ஒதுக்குவது என்பதைப் பிற்பகல் அமர்வு முடிவுசெய்ய வேண்டும் என்று கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.