ஆறிய புண் மறுபடி கசிந்தால்



பித்தப்பையில் கல் என்று ஒருவருக்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன். வயிற்றில் மூன்று நான்கு சிறு துளைகள்தான். இரண்டொரு நாளில் வீட்டுக்கு வந்துவிடுகிறார். தையல் பிரித்தாயிற்று, புண்ணும் ஆறிவிட்டது. ஒரு மாதம் கழித்துத் தொப்புளுக்குப் பக்கத்தில், துளை போட்ட அதே இடத்தில், தோலுக்கடியில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்படுகிறது. காய்ச்சல் இல்லை, பெரிய வலியும் இல்லை. சில நாளில் அது சிவந்து, உடைந்து, நீர்த்த சீழ் கசிகிறது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அடங்குகிற மாதிரி இருக்கிறது. நிறுத்தினால் திரும்பவும் கசிவு. சீழைச் சோதனைக்குக் கொடுத்தால், கிருமி எதுவும் வளரவில்லை என்று ரிப்போர்ட் வருகிறது.

அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கு இது தெரிந்த கதை. ஆபரேஷன் புண்ணில் சீழ் பிடிப்பதென்றால் பெரும்பாலும் முதல் பத்து நாளிலேயே பிடித்துவிடும். ஆறின புண் மூன்று நான்கு வாரம் கழித்து உடைந்தால், காசநோய்க் கிருமியின் பங்காளிகளைச் சந்தேகிக்க வேண்டும். மைக்கோபாக்டீரியா என்ற அந்தக் குடும்பத்தில் பல இனங்கள் மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்பவை. ஃபார்ச்சுயிட்டம், கிலோனே, அப்சஸஸ் என்ற மூன்றும் அவற்றில் சீக்கிரம் வளர்கிறவை. கிலோனே 1903-லேயே பெர்லினில் ஒரு கடலாமையின் நுரையீரலில் கண்டறியப்பட்டது.

சீக்கிரம் என்றால் எவ்வளவு? பரிசோதனைக் கூடத்தின் கல்ச்சர் தட்டில் காசநோய்க் கிருமி கண்ணுக்குத் தெரிய மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். இவை ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். ஆனால் சாதாரணச் சீழ்க் கிருமிக்கு ஒரு நாள் போதும். அதனால் பல பரிசோதனைக் கூடங்களில் இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துவிடுவார்கள். ஐந்தாம் நாள் முளைக்க இருந்த கிருமி, ‘வளரவில்லை’ என்று ரிப்போர்ட்டில் ஏறிவிடுகிறது.

இது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தண்ணீரிலிருந்து. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரைத் தொட்டால் வழுவழுவென்று ஒரு படலம் கையில் படுமே, அதற்குள் இவை குடியிருக்கும். மெழுகுத் தன்மையுள்ள கொழுப்பு, கிருமியின் மேலுறையில் இருக்கிறது. குடிநீரில் கலக்கும் குளோரின் அளவுக்கு அது எளிதில் மசியாது. அந்தத் தண்ணீரில் குளித்தால் ஆரோக்கியமானவருக்கு ஒன்றும் ஆகாது. தோலைத் தாண்டி உள்ளே போனால்தான் வினை.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் வாட்சன்வில் ஊரில், 2000-ஆம் ஆண்டு பெண்கள் பலர் முழங்காலுக்குக் கீழே கட்டிகளோடு மருத்துவர்களிடம் வந்தார்கள். விசாரித்தபோது எல்லாரும் ஒரே அழகு நிலையத்தில் பெடிக்யூர் செய்துகொண்டவர்கள். கால் ஊறவைக்கும் சுழல்நீர்த் தொட்டிகளில் தண்ணீரை உறிஞ்சும் வழியை மூடியிருந்த சல்லடையைக் கழற்றினால், பின்னால் முடியும் தோல் துணுக்கும் அடைந்து கிடந்தன. பத்துத் தொட்டியிலும் ஃபார்ச்சுயிட்டம் இருந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குத் தொற்று. அங்கே போகுமுன் காலை ரேசரால் மழித்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்றும் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத கீறலே வாசலாகிவிட்டது.

பிரேசிலில் இது இன்னும் பெரிதாக வெடித்தது. ரியோ டி ஜெனிரோ மாநிலத்தில் 2006 ஆகஸ்ட் முதல் 2007 ஜூலை வரை, 63 மருத்துவமனைகளில், கேமரா வைத்துச் செய்த அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்தத் தொற்று இருக்கலாம் என்று பதிவானது. லேப்ராஸ்கோப்பிக் கருவிகளை ஊறவைக்கும் 2 சதவீத குளுட்டரால்டிஹைடு திரவத்தையே தாங்கி நின்றது அங்கே பரவிய கிருமி. 2009-இல் அந்த நாட்டு அரசு, இந்தக் கருவிகளைத் திரவத்தில் ஊறவைத்துக் கிருமி நீக்கும் முறையையே நிறுத்தச் சொன்னது.

நம் நாட்டிலும் லேப்ராஸ்கோப்பித் துளைகளில் இந்தத் தொற்று வருவதை மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். கருவியை மருந்தில் ஊறவைத்து எடுத்த பிறகு குழாய்த் தண்ணீரிலோ, சும்மா கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரிலோ அலசினால், செய்த வேலை வீணாகிவிடும். நீராவி அழுத்தத்தில் வேகவைக்கும் ஆட்டோகிளேவ்தான் நம்பகமான வழி.

இன்னொரு சிக்கலும் உண்டு. சீழை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இதுவும் காசநோய்க் கிருமி போலவே சிவப்புக் குச்சியாகத் தெரியும். உடனே டி.பி. மாத்திரை தொடங்கிவிடுவதுண்டு. காசநோய்க்கு முதலில் கொடுக்கும் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகியவற்றுக்கு இது கட்டுப்படாது. எந்த இனம் என்று பார்த்து, கிளாரித்ரோமைசின், அமிக்காசின், லினசோலிட் போன்றவற்றில் எது வேலை செய்கிறது என்று சோதித்தே கொடுக்க வேண்டும். அப்சஸஸ் இதில் சூட்சுமக்காரன். மூன்றாம் நாள் பார்த்தால் கிளாரித்ரோமைசினுக்குப் பணிந்தது போலிருக்கும். பதினான்காம் நாள் பார்த்தால் எதிர்த்து வளர்ந்திருக்கும். ஆழமான தொற்று என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளை நான்கு மாதமோ அதற்கு மேலோ எடுக்க வேண்டிவரும். கெட்டுப்போன சதையை வெட்டி எடுக்கவும் நேரலாம்.

பயப்பட வேண்டியதில்லை. தோலில் வரும் இந்தத் தொற்று தொட்டால் ஒட்டுவதில்லை. சரியாகக் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம். ஆபரேஷன் செய்த இடத்திலோ, ஊசி போட்ட இடத்திலோ, பச்சை குத்திய இடத்திலோ சில வாரம் கழித்துக் கட்டி வந்தால், மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். மருத்துவரிடம் என்றைக்கு ஆபரேஷன், என்றைக்குக் கட்டி தெரிந்தது என்று இரண்டு தேதியையும் சொல்லுங்கள். “டாக்டர், மைக்கோபாக்டீரியா கல்ச்சருக்கும் அனுப்பலாமா?” என்று கேளுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. மருந்து உள்ளே போய்விட்டால் தட்டில் கிருமி வளர்வது கடினமாகிவிடும்.